டோஃபினே: டூர் டி பிரான்ஸுக்கு ஒத்திகையா, தனிப் பந்தயமா?

#1 மலைப்பாதை

ஜூலையில் நடக்கும் டூர் டி பிரான்ஸுக்குச் சில வாரம் முன்பு, பெரும்பாலும் ஜூனில், பிரான்ஸின் ஆல்ப்ஸ் பக்கம் ஒரு வாரம் ஓடும் சைக்கிள் பந்தயம் கிரித்தேரியம் து டோஃபினே. அந்தப் பெயர் 2025 பந்தயத்தோடு முடிந்தது. 2026 முதல் அதற்கு டூர் ஓவெர்ஞ் ரோன் ஆல்ப் என்று பெயர். அறிவிப்பு வந்ததிலிருந்து இங்கே பலரும் "பெயர்தானே, போகட்டும்" என்று எழுதுகிறார்கள். அதையாவது விட்டுவிடலாம். "எப்படியும் அது டூருக்கு ஒத்திகைதானே" என்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். போர் முடிந்த கையோடு, 1945இல் கிரனோபிளில் லெ டோஃபினே லிபெரே என்ற நாளிதழ் தொடங்குகிறது. 1947இல் அந்த நாளிதழ் தன் பெயரிலேயே ஒரு சைக்கிள் பந்தயம் நடத்துகிறது. அந்தக் காலத்தில் பந்தயம் நடத்துவது பத்திரிகைக்காரர்கள் வேலை. டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ இரண்டும் பத்திரிகை விற்கப் பிறந்தவைதான். பந்தயம் எந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊரில் மறுநாள் காலை தாள் விற்கும். டோஃபினே செய்தித்தாளுக்கு விற்க வேண்டிய ஊர்களெல்லாம் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் பள்ளத்தாக்குகளிலும் இருந்தன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக வேண்டுமென்றால் மலையேறித்தான் ஆகணும். இந்தப் பந்தயம் மலைப்பந்தயமானதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை, அந்த நிலமே அப்படி.

முதல் ஆண்டு வென்றவர் எட்வர்ட் கிளாபின்ஸ்கி, போலந்துக்காரர். அதே ஆண்டு டூர் டி பிரான்ஸ் ஓட்டிய முதல் போலந்து வீரரும் அவர்தான். 1950, 1951, 1954 மூன்று முறை வென்றவர் நெல்லோ லோரெதி. இத்தாலியில் பிறந்து பிரெஞ்சுக் குடிமகன் ஆனவர். இந்த லோரெதி டூரின் இறுதிப் பட்டியலில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததே இல்லை. ஆனால் டோஃபினேவில் அவருடைய மூன்று வெற்றியை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை. சமன் செய்தவர்கள் நான்கு பேர்: ஓகான்யா, இனோ, மோத்தே, ஃப்ரூம். ஒத்திகைப் பந்தயமாக இருந்தால் இந்த வரிசையில் டூரே வெல்லாத லோரெதிக்கும் மோத்தேக்கும் என்ன வேலை?

#2 கியர்_32

மலைப்பாதை அண்ணே, பழைய கதையெல்லாம் சரி. இன்றைய நிலவரத்தைப் பாருங்கள். 2012 விக்கின்ஸ், 2013, 2015, 2016 ஃப்ரூம், 2018 தாமஸ், 2023 விங்ககோர், 2025 பொகாச்சர். ஜூனில் டோஃபினே வென்றவரே அந்த ஜூலையில் டூரும் வென்றார். 2012 முதல் 2025 வரை நடந்த 14 பந்தயங்களில் 7 இப்படி. சரிபாதி.

அப்புறம், 2010இலிருந்து இதை நடத்துவது டூரை நடத்தும் அதே ஏ.எஸ்.ஓ. நிறுவனம். டூரில் வரப்போகும் பாதையை ஜூனிலேயே வைத்துக் காட்டுகிறார்கள். 2015இல் தீஞ் நகரிலிருந்து ப்ரா லூ வரைக்குமான கட்டம், அதாவது ஒரு நாள் ஓட்டம், டோஃபினேவிலும் இருந்தது, அடுத்த மாதம் டூரிலும் அப்படியே இருந்தது. அணிகள் உயரமான இடத்தில் முகாம் போட்டுவிட்டு நேராக இங்கே வருகின்றன. யார் எந்த நிலையில் இருக்கிறார், எந்தத் துணைவீரர் கடைசி ஏற்றம் வரை தாங்குவார் என்று பார்க்கத்தான் வருகிறார்கள். இதற்கு ஒத்திகை என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

#3 ஏழாம்வளைவு

அந்த 2015 ப்ரா லூ கட்டத்தை நீங்களே எடுத்துவிட்டீர்கள், நல்லது. டோஃபினேவில் அதை வென்றது ரொமேன் பார்தே. அலோஸ் கணவாயின் இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு போனார். குறுகிய சாலை, ஒரு பக்கம் பள்ளம், தடுப்பு இல்லாத வளைவுகள். பின்னால் வந்தவர்கள் பிரேக்கில் கைவைத்த இடத்தில் எல்லாம் அவர் வைக்கவில்லை. அடுத்த மாதம் டூரில் அதே இறக்கத்தில் பினோ விழுந்தார், கொன்டடோரும் விழுந்தார். எனக்கு அந்த ஆண்டு அலோஸ் என்றால் ஜூன்தான், ஜூலை இல்லை.

#4 மலைப்பாதை

கியர்_32, உங்கள் எண்ணிக்கை சரி, மறுக்கவில்லை. ஆனால் அதே 14இல் மீதி ஏழும் இருக்கிறதே. அதற்குப் பிறகு வருகிறேன். இப்போது 1965.

ஜாக் ஆங்கெத்தில் அதற்குள் ஐந்து டூர் வென்றாகிவிட்டது. ஆனாலும் பிரான்ஸ் மக்களின் அன்பெல்லாம் ரெமோன் பூலிதோருக்கு. ஆங்கெத்திலின் மேலாளர் ரஃபாயெல் ஜெமினியானி ஒரு யோசனை சொல்கிறார். டோஃபினே முடிந்த அன்றே கிளம்பிப் போய் போர்தோ-பாரிஸ் ஓட்ட வேண்டும். போர்தோ-பாரிஸ் என்பது ஒரே மூச்சில் 557 கிலோமீட்டர், நடு இரவில் கிளம்பிப் பகலில் பாரிஸ் சேரும் பந்தயம். பின்பாதியில் ஆளுக்கொரு மோட்டார் வண்டி முன்னே போக அதன் பின்னால் மிதிக்க வேண்டும். அதற்கென்றே மாதக்கணக்கில் தயாராகி வருபவர்கள் உண்டு. இவரோ எட்டு நாளாக மலை ஏறி இறங்கிய காலோடு வருகிறார்.

மே 29 பிற்பகலில் அவிஞோனில் டோஃபினே முடிகிறது. ஆங்கெத்தில் முதலிடம், பூலிதோர் இரண்டாமிடம். மேடை, மாலை, புகைப்படம் எல்லாம் முடிந்து, அவசரமாகச் சாப்பிட்டு, நீம் நகரிலிருந்து விமானம் ஏறிப் போர்தோ. தூக்கம் கிடையாது. இருட்டில் மிதிக்கத் தொடங்கி, விடிகிற நேரத்தில் வயிறு கெட்டு, போதும் இறங்கிவிடுகிறேன் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். ஜெமினியானி ரோஷம் வருகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறார். அது வேலை செய்தது. பாரிஸில் பார்க் தெ ப்ரன்ஸ் மைதானத்துக்குள் முதலில் நுழைந்தது ஆங்கெத்தில்தான். ஸ்தாப்லின்ஸ்கி இரண்டாவது, டாம் சிம்ப்சன் மூன்றாவது.

இதில் முக்கியமான விஷயம்: அந்த ஆண்டு ஆங்கெத்தில் டூர் ஓட்டவே இல்லை. டோஃபினே அவருக்கு எதற்கும் ஒத்திகையாக இருக்கவில்லை. பூலிதோரை மலையில் வெல்ல வேண்டும் என்பதற்காக ஓட்டினார், வென்றார். பூலிதோர் அதற்கு அடுத்த ஆண்டு 1966லும் பிறகு 1969லும் டோஃபினே வென்றார். மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியை டூரில் ஒரு நாள்கூடப் போடாத மனிதர் அவர். மலைநாட்டு மக்கள் அவரை வெற்றியாளராகவே பார்த்தார்கள் என்றால் அது இந்தப் பந்தயத்தால்தான்.

#5 கிரனோபிள்வாசி

வேலைக்காக இந்த ஊரில் இருக்கிறேன், அதனால் 1977 பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

பெர்னார் இனோவுக்கு அப்போது 22 வயது. முன்னணியில் தனியாக வருகிறார். கிரனோபிளுக்கு வடக்கே ஷார்த்ரூஸ் மலையில் போர்த் கணவாய், 1,326 மீட்டர். அங்கிருந்து ஊருக்குள் இறங்கும் சாலை இன்றும் அதேதான், அடர்ந்த மரங்களுக்கு நடுவே அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவுகள். வேகத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டு ஆளும் வண்டியுமாகச் சாலையைத் தாண்டிப் பள்ளத்தில் போய்விட்டார். நேரடி ஒளிபரப்பு. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திரையில் வெறும் சாலைதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இனோவைக் கையைப் பிடித்து மேலே இழுக்கிறார்கள், வேறு வண்டி கொடுக்கிறார்கள், ஏறிப் போகிறார்.

கதை அதோடு முடியவில்லை. அன்றைய எல்லைக்கோடு ஊருக்குள் சமதரையில் இல்லை. இசேர் ஆற்றுக்கு மேலே நிற்கிறதே பாஸ்தீல் கோட்டை, அங்கே. ஊர் மக்கள் கேபிள் காரில் போகும் இடம் அது. சாலை வழியாகப் போனால், நடந்து ஏறும்போதே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் சரிவு. விழுந்த அதிர்ச்சியோடு அதில் ஏறினார். நடுவில் ஒரு முறை வண்டியை விட்டு இறங்கிச் சில அடி நடந்தார். பிறகு மறுபடி ஏறி மிதித்து அந்தக் கட்டத்தையும் வென்றார், பந்தயத்தையும் வென்றார். தெவெனே, வான் இம்பே இரண்டு பேரும் அந்த ஆண்டு அவருக்குப் பின்னால். இரண்டு பேருமே அதற்குள் டூர் வென்றவர்கள்.

மலைப்பாதை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1977 டூரில் இனோ இல்லை. இன்னும் காலம் இருக்கிறது என்று அவருடைய இயக்குநர் கிமார் நிறுத்தி வைத்துவிட்டார். அந்த டூரை வென்றது தெவெனே. டோஃபினே வரலாற்றிலேயே அதிகம் பேசப்படும் நாளுக்கு ஜூலை மாதத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை.

#6 புதுமிதி

படிக்கப் படிக்க நன்றாக இருக்கிறது. நான் பார்க்கத் தொடங்கியது இப்போதுதான், அதனால் ஒரு அடிப்படைச் சந்தேகம். பழைய இழைகளில் எல்லாம் டோஃபினே என்றால் உடனே மோன் வாந்தூ என்கிறீர்கள். அது டூரின் மலை இல்லையா?

#7 ஏழாம்வளைவு

இரண்டுக்கும் உரியது. ஆனால் வாந்தூவில் எத்தனை நிமிடம் என்று நாம் இன்று பேசும் பேச்சுக்குப் பெரும்பங்கு டோஃபினேதான் காரணம்.

முதலில் மலை. பெதுவான் கிராமத்திலிருந்து உச்சிக்கு 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், உயரம் 1,900 மீட்டருக்குச் சற்று மேல். முதல் சில கிலோமீட்டர் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மெதுவாக ஏறும், ஏமாந்து வேகமாகப் போனவர்கள் உண்டு. சேன் எஸ்தேவ் வளைவில் இடப்பக்கம் திரும்பியதும் காடு. அங்கிருந்து ஷாலே ரெய்னார் வரை சரிவு குறையவே குறையாது. காற்றும் உள்ளே வராது, வெயில் காலத்தில் மூச்சு முட்டும். ரெய்னார் தாண்டினால் மரம் முடிந்துவிடும், கடைசி 6 கிலோமீட்டர் வெள்ளைக் கல் மட்டும். இப்போது காற்றுதான் எதிரி. 1967 டூரில் டாம் சிம்ப்சன் இறந்தது அந்த வெள்ளைக் கல் பகுதியில்தான்.

டோஃபினே இந்த மலையில் தனிநபர் நேரப் பந்தயம் வைத்தது. அதாவது காற்றுக்கு மறைவாக முன்னால் போக ஆள் கிடையாது, அணி கிடையாது, பெதுவானில் கடிகாரம் ஓடத் தொடங்கினால் உச்சியில்தான் நிற்கும். 1999இல் ஜொனதன் வாட்டர்ஸ் 57 நிமிடத்துக்குள் ஏறி வென்றார். 2004இல் ஆரஞ்சு ஜெர்சி போட்ட பாஸ்க் வீரர் இபான் மாயோ 55 நிமிடம் 51 வினாடி. அன்று ஆர்ம்ஸ்ட்ராங் அவரிடம் கிட்டத்தட்ட 2 நிமிடம் இழந்தார். மாயோவின் அந்த நேரம் 20 ஆண்டுக்கு மேல் நின்றது. 2025 டூரில் பொகாச்சர் 54 நிமிடம் 41 வினாடியில் ஏறிய பிறகுதான் போனது. டூர் இத்தனை முறை அந்த மலைக்குப் போயும், ஒப்பிட எல்லோரும் எடுத்தது ஒரு டோஃபினே நாளைத்தான்.

மாயோ 2007இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தடை வாங்கியதும் உண்மை. அதை மறைத்துவிட்டு அந்த எண்ணைக் கொண்டாட எனக்கு மனம் இல்லை.

இன்னொரு வாந்தூ நாள் 2009. போலந்தின் ஷில்வெஸ்தர் ஷ்மித், வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்காக மலையில் உழைத்த துணைவீரர். வல்வெர்தேயும் அவரும் சேர்ந்து உச்சிக்கு வந்தார்கள். வல்வெர்தேக்கு மஞ்சள் ஜெர்சி போதும், கட்ட வெற்றியை ஷ்மித்துக்கு விட்டுவிட்டார்.

#8 கியர்_32

ஊக்கமருந்து என்று எடுத்துவிட்டதால் முழுதாகவே பேசிவிடுவோம். வெற்றியாளர் பட்டியலில் 2002, 2003, 2006 மூன்றும் காலி. முதல் இரண்டும் ஆர்ம்ஸ்ட்ராங், மூன்றாவது லைப்ஹைமர், பிறகு பறிக்கப்பட்டவை. 1983இல் மொத்த நேரத்தில் முதலில் வந்தவர் பஸ்கால் சிமோன். சோதனையில் சிக்கியதால் நேர அபராதம் விழுந்து, வெற்றி கிரெக் லெமாண்டுக்குப் போனது. அதே சிமோன் அடுத்த மாதம் டூரில் மஞ்சள் ஜெர்சி வாங்கி, மறுநாளே விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்த நிலையில் நாள்கணக்கில் ஓட்டினார் என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இதைச் சொல்வது பந்தயத்தைக் குறைக்க இல்லை. தனி வரலாறு என்றால் இதுவும் அதில்தானே இருக்கிறது.

#9 பழையதாள்

இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நான் கொலம்பியாக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன், இந்த இழையில் ஒருவரும் தொடவில்லை.

1984. இனோ அதற்குள் நான்கு டூர் வென்றவர். முந்தைய ஆண்டு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து திரும்பி வந்திருக்கிறார். டோஃபினேவில் அவரை வென்றது மார்த்தின் ராமிரெஸ் என்ற கொலம்பிய வீரர். ஐரோப்பாவில் அவர் பெயரே பலருக்குத் தெரியாது. கடைசி நாளில் இனோ தன்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தார், அந்தச் சின்ன மனிதர் அசையவில்லை. வித்தியாசம் அரை நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது வந்தது லெமாண்ட். டூர் வென்ற ஒருவரும் வெல்லப்போகும் ஒருவரும் கீழே நிற்க, மேல்படியில் ராமிரெஸ்.

அதுவரை கொலம்பியர்களை ஐரோப்பிய அணிகள் வேடிக்கைதான் பார்த்தன. ஏற்றத்தில் பறப்பார்கள், இறக்கத்தில் விழுவார்கள், காற்றடித்தால் தொலைந்து போவார்கள் என்ற பேச்சு. ஒரு வாரம் முழுக்க நடக்கும் ஒரு பந்தயத்தை அவர்களால் காப்பாற்றி முடிக்க முடியும் என்று காட்டிய இடம் டோஃபினே. சில வாரம் கழித்து டூரில் லூயிஸ் எர்ரேரா ஆல்ப் து உவேஸ் மேல் முதலில் ஏறினார். எர்ரேரா பிறகு 1988லும் 1991லும் டோஃபினேவையே வென்றார். 2020இல் தனியேல் மார்த்தினெஸ். கொலம்பியாவுக்கு மொத்தம் நான்கு.

அதே காலத்தில்தான் ஷார்லி மோத்தேயும் வருகிறார். துரோம் மாவட்டத்து வலோன்ஸ் ஊர்க்காரர், மண்ணின் மைந்தர். 1987, 1989, 1992. டூரில் அவர் எட்டியது நான்காமிடம்.

#10 மலைப்பாதை

பழையதாள் ஐயாவுக்கு நன்றி. ராமிரெஸ் பற்றி இவ்வளவு நான் படித்ததில்லை.

இப்போது கியர்_32 விட்டுவிட்ட அந்த ஏழு ஆண்டுகள். எல்லாவற்றையும் எழுதவில்லை, இரண்டு போதும்.

2014. கடைசி நாள் காலையில் கொன்டடோர் மஞ்சள் ஜெர்சியில், ஃப்ரூம் அவருக்குப் பின்னால். எல்லோர் கண்ணும் அந்த இருவர் மேல். 39 வினாடி பின்தங்கியிருந்த ஆண்ட்ரூ தலான்ஸ்கி என்ற அமெரிக்க இளைஞர், மெஜேவிலிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்னே போன பெரிய கூட்டத்தோடு நழுவிவிட்டார். நீ துரத்து, நான் துரத்த மாட்டேன் என்று பின்னால் இருந்தவர்கள் தயங்கிய நேரத்தில் இடைவெளி வளர்ந்தது. கடைசியில் கொன்டடோர் தனியாகவே துரத்தினார், போதவில்லை. கூர்ஷவெலில் 27 வினாடி வித்தியாசத்தில் பந்தயம் தலான்ஸ்கிக்கு. அவருடைய அணியை நடத்தியவர், ஏழாம்வளைவு மேலே சொன்ன அதே வாட்டர்ஸ். அடுத்த மாதம் டூரில் ஃப்ரூம், கொன்டடோர் இருவரும் விழுந்து வெளியேறினார்கள். தலான்ஸ்கியும் அடிபட்டு, ஒரு கட்டத்தில் சாலையோரத் தடுப்பில் உட்கார்ந்துவிட்டு, மறுபடி எழுந்து அன்றைய தூரத்தை முடித்து, மறுநாள் கிளம்பவில்லை. அந்த ஆண்டில் அவருக்கு இருப்பது ஜூன் மட்டும்தான். அது போதாதா?

அடுத்தது ரிச்சி போர்ட். 2013இல் தன் கேப்டன் ஃப்ரூமுக்குப் பின்னால் இரண்டாவது. 2017இல் கடைசி நாள் மஞ்சள் ஜெர்சியோடு கிளம்பி, துணைக்கு ஆளே இல்லாமல், ஒவ்வொரு அணியாக வந்து தாக்க, பிளாத்தோ து சொலெசோன் உச்சியில் 10 வினாடியில் ஃபூக்ல்சாங்கிடம் இழந்தார். அடுத்த மாதம் டூரில் மோன் து ஷா இறக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த டோஃபினேவிலும் ஏறி இறங்கிய அதே மலை. 2021இல், 36 வயதில், ஒருவழியாக டோஃபினே அவருக்குக் கிடைத்தது. அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் ஒத்திகை என்று சொல்ல மாட்டார்கள்.

#11 கியர்_32

சொல்வது மனதில் படுகிறது. ஆனால் 2019ஐயும் சேர்த்துப் பாருங்கள். நான்காவது கட்டம், ரொவான் நகரில் நேரப் பந்தயம். காலையில் பாதை பார்க்கப் போன ஃப்ரூம் காற்றில் கட்டுப்பாடு இழந்து சுவரில் மோதினார். தொடை எலும்பு, முழங்கை, விலா எலும்பு எல்லாம் போனது. அதோடு அவருடைய பெரிய நாட்கள் முடிந்தன. அவர் அங்கே வந்ததே ஐந்தாவது டூருக்காக. 2020இல் ரோக்லிச் முதலிடத்தில் இருக்கும்போதே விழுந்து, கடைசி நாள் கிளம்பவில்லை. டூர்தான் முக்கியம் என்று ஒதுங்கினார். ஓட்டுகிறவர்கள் மனதில் டூர்தான் இருக்கிறது என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

#12 மலைப்பாதை

வீரர்கள் மனதில் டூர் இருப்பதை மறுக்கவில்லை. சாலையில் நடந்தது நடந்ததுதான் என்கிறேன். அதே ரோக்லிச் 2024இல் மேத்யூ ஜோர்கன்சனை 8 வினாடியில் வென்றார், கடைசி ஏற்றத்தில் ஜெர்சி கையைவிட்டுப் போகும் நிலை. க்ளியேர் மேட்டில் அவர் மிதித்த மிதி ஜூலைக்காக மிதித்தது மாதிரி எனக்குத் தெரியவில்லை.

#13 கிரனோபிள்வாசி

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஓவெர்ஞ் ரோன் ஆல்ப் என்பது இன்றைய நிர்வாக மண்டலம். பந்தயத்துக்குப் பணம் தருவதில் மண்டல அரசுக்குப் பெரிய பங்கு, பாதையும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் போகிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் பழைய டோஃபினே மாகாணம் இன்றைய இசேர், துரோம், ஓத் ஆல்ப் மாவட்டங்களில் இருக்கிறது. இதில் ஓத் ஆல்ப் வேறு மண்டலத்தில் சேர்ந்துவிட்டது. காப், பிரியான்சோன், ஓர்சியேர் மெர்லெத் எல்லாம் அங்கே. வாந்தூவும் அந்த வேறு மண்டலத்தில்தான். ஆங்கெத்தில் 1965இல் வென்ற அவிஞோனும் அப்படித்தான். இந்தப் பந்தயம் பெயர் எடுத்த இடங்களில் பாதி, புதுப் பெயர் குறிக்கும் நிலத்துக்கு வெளியே இருக்கிறது. இனி அங்கெல்லாம் எத்தனை முறை போவார்கள் என்பதுதான் என் கவலை.

2010இல் நாளிதழ் தன் கையிலிருந்து பந்தயத்தை ஒப்படைத்தபோதும் 'லிபெரே' மட்டும்தான் போனது, டோஃபினே நின்றது. நாளிதழ் இன்றும் இங்கே கடையில் கிடைக்கிறது.

#14 புதுமிதி

பிரெஞ்சுக்காரர்கள் கடைசியாக எப்போது வென்றார்கள்? பட்டியலில் தேடித் தேடிப் பின்னால் போகிறேன்.

#15 பழையதாள்

2007, கிறிஸ்தோஃப் மொரோ. அதற்குப் பிறகு இல்லை. மிக அருகில் வந்தவர் பார்தே. 2016இல் ஃப்ரூமிடம் 12 வினாடியில் போனது.

2025 பந்தயத்தில் மூன்றாம் கட்டத்தை பார்தேயின் சொந்த ஊரான பிரியூதிலிருந்து கிளப்பினார்கள். சாலைப் பந்தய வாழ்க்கையை அந்த டோஃபினேவோடு முடித்துக்கொள்ளப் போவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். பொகாச்சர் மூன்று கட்டங்கள் வென்று விங்ககோரை ஒரு நிமிடத்துக்கு ஒரு வினாடி குறைவாக முந்தினார், அது எல்லோரும் பார்த்தது. கடைசி நாள் மோன் செனி அருகே வால் செனியில் முடிந்தது. அதை வென்றவர் லெனி மார்த்தினெஸ், 21 வயது. தாத்தா மரியானோ 1978 டூரில் மலைராஜா பட்டம் வாங்கியவர், அப்பா மிகேல் 2000 ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் தங்கம். டோஃபினே என்ற பெயரில் நடந்த கடைசிக் கட்டம் ஒரு பிரெஞ்சு மலையேறிக்குத்தான் போயிருக்கிறது, புதுமிதி. மொரோவுக்கு அடுத்த பெயர் யார் என்று கேட்டால் என் கணிப்பும் அந்தப் பையன்தான்.